பச்சைப்பிள்ளையும் பரவை ராட்டினமும்: செம்பட்டி நாற்சந்தியை முன்வைத்து ஓர் ஆய்வு

செம்பட்டியில் நின்றால் நாலு பக்கமும் பஸ் போகும். வத்தலக்குண்டு சாலையில் ஏறினால் வைகை அணைப் பூங்கா, கொடைக்கானல். ஒட்டன்சத்திரம் சாலையில் பழனி. அதையும் தாண்டத் துணிந்தவர்களுக்கு மேட்டுப்பாளையத்து பிளாக் தண்டர் தீம் பார்க். நிலக்கோட்டை சாலையில் போனால் மதுரைக்குக் கொஞ்சம் முன்னால் பரவையில் 'அதிசயம்' தீம் பார்க். நாலாவது சாலை திண்டுக்கல் போகிறது. அந்தப் பக்கம் பெரும்பாலும் தடுப்பூசிக்குத்தான் பிள்ளையைத் தூக்கிப் போவார்கள். இத்தனை வாய்ப்புள்ள ஊரில், குப்புற விழவே இப்போதுதான் பழகும் ஐந்து மாதப் பிள்ளையைத் தீம் பார்க்குக்குக் கொண்டுபோகலாமா என்ற கேள்வி முறையாக ஆராயப்படவில்லை. "பச்சப்புள்ளைக்கு என்னத்துக்குப்பா ராட்டினம்?" என்று அப்பத்தாக்கள் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லி வழக்கை முடித்துவிடுவதே காரணம்.

முதலில் இலக்கணம். பிள்ளைத்தமிழுக்கு விதி சொன்ன பாட்டியல் நூலார், மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் பத்துப் பருவங்களை அடுக்கினார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை. அந்த வயதில் பிள்ளை தலையைத் தூக்கி ஆட்டலாம். அதற்குமேல் அதற்கு உரிமை இல்லை. குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்குப் பாடிய பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களைப் பாருங்கள்: அம்மானை, நீராடல், ஊசல். தண்ணீர் விளையாட்டும் ஊஞ்சலும் அடுத்தடுத்து நிற்பதைத் தமிழறிஞர்கள் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். நாம் விடுவதற்கில்லை. அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் திறந்தது 1955ல்தான். மதுரையிலோ 17ஆம் நூற்றாண்டிலேயே எந்த மாதத்தில் எந்த ராட்டினம் என்பது முடிவாகிவிட்டது. ஆண்பிள்ளைக்குச் சொன்ன சிறுதேர்ப் பருவம் மோதுகார் ஓட்டுவதைத்தான் குறிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, மறுப்பவர்கள் மறுக்கட்டும். விதிப்படி செங்கீரைப் பிள்ளை நீராடலுக்கு இன்னும் 14 மாதம் காத்திருக்க வேண்டும். மருத்துவமும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குளோரின் தண்ணீரைப் பற்றி அது வேறு தனியாகச் சொல்ல வேண்டுமா?

அடுத்தது அளவை. அரசு பஸ்ஸில் பிள்ளைக்கு வயதுதான் கணக்கு. 2022ல் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை என்று அரசு அறிவித்தது. அன்றிலிருந்து "மூணு முடியலங்க" என்ற தொன்மையான வாக்குமூலம் "அஞ்சு முடியலங்க" என்று திருத்தப்பட்டது. தீம் பார்க்குகள் பலவற்றில் இந்த வாக்குமூலம் செல்லாது. அங்கே வாசலில் ஓர் அளவுகோல் நிற்கும். பிள்ளையை அதன் பக்கத்தில் நிறுத்தினால் உண்மை தானாக வெளியே வரும். ஆனால் ஐந்து மாதப் பிள்ளையை நிறுத்துவது எப்படி? உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயது வரை பிள்ளையைப் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். கிடைப்பது நீளமே தவிர உயரம் அல்ல. ஐந்து மாத ஆண்பிள்ளை நடுத்தரமாகச் சுமார் 66 செ.மீ. நீளம் இருக்கும். அதன் உயரம் என்ன என்ற கேள்விக்கு விஞ்ஞானத்தில் விடை இல்லை. உயரமே இல்லாத ஒருவரிடம் உயரத்துக்கு ஏற்ற கட்டணம் கேட்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்பதால் அவருக்கு அனுமதி இலவசம்.

இந்த 'இலவசம்' என்ற சொல்லில்தான் ஆய்வாளன் தயங்கி நிற்கிறான். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. செம்பட்டியில் பிள்ளையோடு ஏறும் தாயை அரசு ஒரே உருப்படியாகப் பார்த்து இரண்டு பேரையும் சும்மா ஏற்றிக்கொள்கிறது. பூங்கா வாசலில் இந்த உருப்படி இரண்டாகப் பிளக்கிறது. பிள்ளை இலவசம், தாய்க்கு முழு டிக்கெட். அந்த முழு டிக்கெட்டில் அவள் எத்தனை ராட்டினம் ஏறினாள் என்று பார்த்தால், அது யாருடைய டிக்கெட் என்பது விளங்கிவிடும். பழனியில் இந்தக் குழப்பம் கிடையாது. மொட்டை போடப் போகும் பிள்ளைதான் அங்கே நாயகன். 1966ல் ஓடத் தொடங்கிய வின்ச்சில் அது மடியில் உட்கார்ந்து குடும்பத்தோடு மலையேறுகிறது. பிள்ளைக்குக் காவலென்று யாரையும் கீழே விட்டுவிட்டு ஏறுவதில்லை.

தீம் பார்க்கிலோ எப்போதும் ஒருவர் பிள்ளையோடு மரத்தடியில் இருந்தாக வேண்டும். டிஸ்னிக்காரர்கள் இதற்கு ரைடர் ஸ்விட்ச் என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஒருவர் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்க மற்றவர் ஏறி இறங்கலாம். பிறகு பிடித்திருந்தவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். நம் பக்கம் இதே ஏற்பாடு "மதினி, ஒரு நிமிசம் புள்ளயப் புடிங்க" என்ற வாக்கியத்தால் நடக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு சொன்னவர் திரும்பி வருவதில்லை.

மரத்தடிக்கு இயற்கையான தலைவர் அப்பத்தாதான். தண்ணீருக்குள் இறங்க நைலான் உடுப்பு வேண்டும், பருத்தி கூடாது என்பது பல பூங்காக்களில் விதி. அவரோ சின்னாளபட்டிச் சுங்குடியில் வந்திருக்கிறார். வசம்பு வளையல், கிளுகிளுப்பை, பிளாஸ்க், மாற்றுத்துணி எல்லாம் அவர் வசம். வெளி உணவு கூடாது என்று வாசலில் முறுக்கைப் பிடுங்கி வைத்துக்கொண்ட கோபமும் அவர் வசமே. இவ்வளவு இருந்தும் ஒன்று மட்டும் அவரிடம் இல்லை: பால். ஐந்து மாதப் பிள்ளைக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும். சறுக்கல் வரிசை முன்னேறி, தாய் படியேறி, அடுத்த ஆள் தான்தான் என்று நிற்கும் கணமும் பிள்ளைக்குப் பசிக்கும் கணமும் ஒன்றாக வருவதை விளக்க வானியலைத்தான் நாட வேண்டும்.

கூப்பிட வழியும் இல்லை. செல்போன்கள் லாக்கரில் பூட்டிக் கிடக்கின்றன. ஆகவே பண்டைக்கால முறைப்படி தூது அனுப்பப்படுகிறது. தூதராகக் கொழுந்தன். அவர் ஈர உடுப்போடு ஓடி வந்து, "மதினி, புள்ள அழுகுது" என்று கீழிருந்து கத்துவார், மதினி இறங்கிவிடுவார். தூதர் அலைக்குளத்தில் மெய்மறந்திருக்கும் நேரத்தில் மட்டும் தாய்க்கு ஒரு சறுக்கல் முழுசாகக் கிடைக்கும். அப்படிச் சறுக்கி விழுந்து, தலைமுடியைப் பிழிந்துகொண்டு அவர் மரத்தடிக்கு ஓடி வரும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். அது அழவே இல்லை என்று அப்பத்தா தரப்பு சாதிக்கிறது. மறுத்துச் சொல்ல மரத்தடியில் வேறு சாட்சி கிடையாது.