எந்த வரப்பில் விழுந்தார் தாத்தா?

நூறு வருஷத்துக்கு முன்னால் சேதராப்பட்டுப் பக்கம் ஒருவர் கழனியில் சாய்ந்து உயிரை விட்டால், ஒப்பாரிக்கு முன்னால் ஊர் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: எந்த வரப்பில் விழுந்தார்? இந்தப் பக்கம் விழுந்தால் பிரெஞ்சில் செத்தார். அந்தப் பக்கம், தென்னாற்காடு மாவட்டத்து மண்ணில் விழுந்தால், மணியக்காரர் ஏட்டில் செத்தார். எல்லாவற்றுக்கும் காரணம் நெப்போலியன். அவரை அடக்கிய கையோடு 1816-இல் பாண்டிச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தபோது, பந்தி இலையில் கூட்டும் பொரியலும் வைப்பதுபோல அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று வைத்துவிட்டுப் போனார்கள் ஆங்கிலேயர்கள். நடுவில் இருந்த சோறு முழுக்க அவர்களுடையது. அந்த இலையின் ஓரத்தில் இருக்கிற ஊர் சேதராப்பட்டு.

1880-இல் பிரெஞ்சுக்காரர்கள் வில்லியனூர், பாகூர் என்று கம்யூன்களைப் பிரித்து, ஆளுக்கொரு மேர், அதாவது மேயர், வைத்து, உள்ளூர்க்காரர்களும் பிறப்பையும் சாவையும் ஒழுங்காகப் பதிய வேண்டும் என்றார்கள். அங்கே ஆரம்பித்தது வேடிக்கை. அப்பனைப் பறிகொடுத்தவன், மொட்டை அடித்த ஈரம் காய்வதற்குள், இரண்டு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு குமாஸ்தா முன்னால் நிற்க வேண்டும். செத்தவர் பெயர், வயது, தொழில், குடியிருப்பு, பெண்டாட்டி பெயர், தகப்பன் பெயர், தாயார் பெயர், பிறந்த ஊர், எத்தனை மணிக்கு உயிர் போனது? கடிகாரம் என்கிற சாமானையே பார்க்காத ஊரில் கேட்ட கேள்வி இது. 'பொழுது ஒரு பனை உயரம் ஏறியிருந்துச்சுங்க' என்று சாட்சி சொல்வார். குமாஸ்தா கூரையைப் பார்த்துவிட்டுக் காலை எட்டு மணி என்று பிரெஞ்சில் எழுதுவார். கடைசியில் சாட்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதையும் மறக்காமல் எழுதி, அதன் கீழே தான் ஒரு கையெழுத்துப் போடுவார்.

நெப்போலியன் சட்டத்தின் 77-ஆம் பிரிவு இதைவிடப் பிரமாதம். செத்து இருபத்து நாலு மணி நேரம் ஆகாமல் புதைக்கக் கூடாது. எழுதிய மகானுபாவர் பாரீஸ் குளிரில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். சித்திரை மாத வில்லியனூரில் ஒரு மத்தியானம் உட்கார்த்தி வைத்திருந்தால் அவரே அடித்துத் திருத்தியிருப்பார்.

இத்தனை கேட்கிறவர்கள் ஒன்றை மட்டும் கேட்பதில்லை: எப்படிச் செத்தார்? பிரெஞ்சு மரணப் பதிவில் காரணத்துக்கு இடமே கிடையாது. கிணற்றில் விழுந்தாரா, காலராவா, பங்காளி கை வைத்தானா என்பதெல்லாம் அவர் சொந்த விஷயம். மரண தண்டனை பெற்றவனின் பதிவில்கூட அதைக் குறிப்பிடக் கூடாது என்று 85-ஆம் பிரிவு சொல்கிறது. செத்தபிறகாவது மானத்தோடு இருக்கட்டும் என்கிற பெருந்தன்மை.

வரப்புக்கு அந்தப் பக்கம் நேர் எதிர். ஆங்கிலேயருக்கு உங்கள் தாயார் யாராக இருந்தாலும் கவலையில்லை. எதில் செத்தீர்கள் என்பதுதான் வேண்டும். மெட்ராஸ் மாகாணம் 1899-இல் இதற்கென்று தனிச் சட்டமே போட்டது. காலரா, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம், பாம்புக்கடி, மற்றவை என்று கட்டங்கள். நிரப்ப வேண்டியவர் மணியக்காரர். அவர் வைத்தியம் படித்தவரா? வரி வசூலிக்கப் படித்தவர். செத்தவர் உடம்பு கடைசியில் சுட்டதா, சுட்டது, போடு காய்ச்சலில். அந்தக் காலப் புள்ளிவிவரங்களைப் பார்த்தால் மாகாணமே காய்ச்சலில் போய்விட்டது போலத் தெரியும். ஆக, ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தப் பக்கமும் தம்பி அந்தப் பக்கமும் செத்திருந்தால், அண்ணனுக்கு அம்மா உண்டு, நோய் இல்லை. தம்பிக்கு நோய் உண்டு, அம்மா இல்லை.

சரி, சர்க்காரை விடுங்கள். நம் வீட்டில் என்ன வைத்திருக்கிறோம்? திதி வைத்திருக்கிறோம். மாசி மாதத் தேய்பிறைப் பஞ்சமி என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வோம். எந்த வருஷம் என்றால் முழிப்போம். வருஷத்துக்கு ஒருமுறை தெவசம் கொடுக்க வருஷம் எதற்கு? கொஞ்சம் கெட்டிக்காரப் பாட்டியாக இருந்தால் 'தாது வருஷம்' என்பாள். அதுவும் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிற சங்கதி: 1876-இல் வந்த தாதுவா, 1936-இல் வந்த தாதுவா? முதலாவது என்றால் பெரும் பஞ்சத்தில் போனவர். இரண்டாவது என்றால் வயிறார இருந்துவிட்டுப் போனவராகவும் இருக்கலாம். ஏட்டில் தேதி இருக்கிறது, திதி இல்லை. வீட்டில் திதி இருக்கிறது, வருஷம் இல்லை. பஞ்சாங்கத்தை நடுவில் வைத்து இரண்டு தரப்புக்கும் சம்பந்தம் பேசி முடித்தால்தான் தாத்தா முழுசாகச் செத்தவர் ஆவார்.

மரண அறிவிப்புகளைச் சேர்த்து வைக்கிற வழக்கம் பல தேசங்களில் உண்டு. நம்மிடம் செல்லாது. சாவுச் செய்தி வந்த கடிதத்தைப் படித்த கையோடு கிழித்துப் போடுகிற ஜாதி நாம். கருமாதிப் பத்திரிகையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது; படித்துவிட்டு வாசலிலேயே கூரையில் செருகிவிட வேண்டும். மழையும் கரையானும் பார்த்துக்கொள்ளும். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டை எடுத்துப் பார்த்தாலும், செத்தவருக்கு இரண்டு வரி. மிச்சம் முழுக்க மகன் மின்துறை, மருமகன் பொதுப்பணித்துறை, பேரன் பி.இ. இன்றைய கண்ணீர் அஞ்சலி பேனரில் இன்னும் முன்னேற்றம்: பெரியவர் நடுவில் சிரிக்கிறார், சுற்றிலும் கூலிங்கிளாஸ் போட்ட இருபது பேர் துக்கத்தில் இருக்கிறார்கள்.

முன்னோர்கள் எல்லாரும் இப்படி இல்லை. செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. அதில் செத்த வீரனோடு அவன் நாய்க்கும் இடம் உண்டு. பெயர் கோவிவன், கள்ளர் இருவரைக் கடித்தது என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். பெயர், பணி, சாதனை என்று கச்சிதமான அஞ்சலி. என் கொள்ளுப்பாட்டிக்கு இதில் கால்வாசி கிடையாது.

இன்னும் பின்னால் போனால் பாண்டிச்சேரிப் பக்கத்து நம் சுத்துக்கேணி. பிரெஞ்சு ஆய்வாளர் கசால் அங்கும் முத்திரப்பாளையத்திலும் பெருங்கற்கால ஈமக்காடுகளைத் தோண்டி, 1956-இல் பாரீஸில் புத்தகம் போட்டார். தாழியும் உண்டு, பானையும் உண்டு; பெயர் மட்டும் இல்லை. அப்போதே நாம் படையலில் தாராளம், எழுத்தில் கருமி.

விதிவிலக்கு ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு கவர்னரின் மொழிபெயர்ப்பாளரான துபாஷி கனகராய முதலியார் 1746-இல் இறந்ததையும், பின்னால் கிளம்பிய சொத்துத் தகராறையும் பிள்ளையின் நாட்குறிப்பில் படித்தால் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து கேட்ட மாதிரி இருக்கும். காலியான அந்த நாற்காலி கடைசியில் பிள்ளைக்கே வந்தது. நல்ல இரங்கல் எழுத, காலியிடத்தின்மேல் ஒரு கண் இருக்க வேண்டும் போலிருக்கிறது. இவ்வளவு எழுதியும் அதை நாம் பரணில்தான் வைத்திருந்தோம். 1846-இல் கண்டெடுத்தது கலுவா மொம்ப்ரோன் என்கிற பிரெஞ்சுக்காரர்.

பிரெஞ்சு இந்தியாவே செத்த கதையும் இதே கதைதான். 1954 அக்டோபர் 18, கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றும் 8 பேர் வேண்டாம் என்றும் ஓட்டுப் போட்டார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. பிரான்ஸ் சட்டப்படி ஒப்புக்கொண்டு பதிந்ததோ 1962 ஆகஸ்ட் 16. சாவை 21 நாளைக்குள் பதியாவிட்டால் நம்மை அலைய விடுவார்கள். அவர்களுக்கு ஏறக்குறைய எட்டு வருஷம்.

அதிலிருந்து பிறந்ததுதான் இன்றைய தேடல். இணைப்பு ஒப்பந்தப்படி ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுத்தாத்தா பிறந்ததற்கும் செத்ததற்கும் தாள் தேடுகிறார்கள். இங்கிலீஷ் படித்த பேரன் பழைய ஏட்டில் முத்துசாமியைத் தேடினால் அகப்படமாட்டார். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் அங்கே 'மௌட்டௌசாமி' என்று யாரோ ஒருவர் படுத்திருப்பதாகத்தான் அவனுக்குத் தெரியும். தாத்தா அவர்தான் என்று சொல்லித்தர ஒரு கிழவர் வேண்டும்.

அந்தக் கிழவர் பெரும்பாலும் ஒரு பழைய சொல்தாவாக இருப்பார், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவருக்கு வேறு கவலை. பென்ஷன் தொடர்ந்து வர வேண்டுமானால், தான் இன்னும் சாகவில்லை என்பதற்கு அவர் அவ்வப்போது சான்றிதழ் அனுப்ப வேண்டும். நேரில் போய் மூச்சு விட்டுக் காட்டினால் போதாது. அதையும் முத்திரை குத்திய தாளில்தான் காட்ட வேண்டும்.