வாசிக்காத வித்வான்

கிடார் வாசிப்பவர்களுக்கு மேடை உண்டு, கைதட்டல் உண்டு, சினிமாவில் ஒரு குளோசப் உண்டு. கிடார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றும் இல்லை. இத்தனைக்கும் கிடார்க் கடைக்காரர்கள் வீட்டில் அடுப்பெரிவது பெரும்பாலும் இவர்கள் புண்ணியத்தில்தான். இந்த இனத்தில் நல்ல மாதிரி ஒன்று பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் வந்து, கடல் பக்கம் திரும்பி, வீராம்பட்டினம் போக வேண்டும். கிடார்க்காரர் வீடு என்று கேட்டால், வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் நிமிராமலே கை காட்டுவார். “ஆனா இப்ப போனா பேச மாட்டாரு. ஸ்க்ரூ டைட் பண்ணிகினு இருப்பாரு” என்று எச்சரிக்கையும் சேர்த்துத் தருவார்.

பகலில் அவர் அரசு அலுவலகத்தில் யு.டி.சி. எந்தக் கோப்பும் மூன்று நாளுக்கு மேல் அவர் மேசையில் தங்காது என்று பெயர். வீட்டில் மட்டும் ஒரு கோப்பு 2008 முதல் முடியாமல் கிடக்கிறது.

அந்த ஆண்டுதான் ‘வாரணம் ஆயிரம்’ வந்தது. ரயிலில் சூர்யா கிடாரை எடுத்தார். ஊரிலிருந்த கல்லூரிப் பையன்கள் அப்பாவிடம் கையை நீட்டினார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் இப்படி ஒரு படம் உண்டு. இவருடைய மாமாவுக்கு ‘மூடுபனி’, 1980, பிரதாப் போத்தன். சித்தப்பாவுக்கு ‘பயணங்கள் முடிவதில்லை’, 1982. அதில் வரும் நிலாப் பாட்டுக்கு கிடார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அதைத் தொட்டுப் பார்க்காத தமிழ் கிடார்க்காரர் இல்லை. முதல் நாலு நோட்டைத் தாண்டியவர்களும் அதிகம் இல்லை.

நம்மவரும் அந்த நாலு நோட்டு வரை வந்தார். ஐந்தாவதில் கம்பி ‘ஸ்ர்ர்’ என்று இரைந்தது. வேறு யாராக இருந்தாலும் தன் வாசிப்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்கள். இவர், கிடார் சரியில்லை என்று நினைத்தார். வாழ்க்கை அங்கே திசை திரும்பியது.

அந்த முதல் கிடார் மாமா கொடுத்த கிவ்சன். அமெரிக்காவில் கிப்சன் என்று புகழ்பெற்ற கம்பெனி இருக்கிறது, கொல்கத்தாவில் கிவ்சன். ஜெர்மனியில் ஹாஃப்னர், கொல்கத்தாவில் ஹாப்னர். ஓர் எழுத்து வித்தியாசத்தில் இந்தியாவே கிடார் பழகியது. இரண்டாவது, யமஹா எஃப் 310, பழகுவதற்கு. மூன்றாவது, பழகியாகிவிட்டது என்பதற்காக. பழகவில்லை என்பது மூன்றாவது வந்த பிறகு தெரிந்ததால் நாலாவது. ஐந்தும் ஆறும் பாரிஸ் வரவு. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. பெரியப்பா குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. அண்ணன் விடுமுறைக்கு வரும்போது மற்ற வீடுகளுக்கு சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் வரும். இவர் வீட்டுக்குக் கம்பி வரும்.

ஏழாவது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். அதற்கு அவர் சொன்ன நியாயம் சரித்திரம் சார்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்ததும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கடைக்கு வந்ததும் ஒரே ஆண்டு, 1954. “நவம்பர் 1 விடுதலை நாள். அதுக்கு வீட்ல ஒரு அடையாளம் வேணாமா?” என்றார். “கொடி வாங்கினா போதாதாங்க?” என்றார் மனைவி.

அவர் மசியவில்லை. பக்கத்திலேயே அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. “ரெண்டாயிரம் வருஷமா இறக்குமதி நடக்கிற இடம் இது. ஒரே ஒரு பெட்டி வந்ததுக்கு இந்தக் கேள்வியா?”

“அவங்க மணி செஞ்சு அனுப்புனாங்க, சாடி வாங்குனாங்க. நீங்க என்ன செஞ்சு அனுப்புனீங்க?”

அதற்கும் பதில் வைத்திருந்தார். அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969 வாக்கில் பிரேசில் ஈட்டி மரத்தை விட்டு இந்திய ஈட்டிக்கு மாறியது. நம் மலைச்சரிவில் வளர்ந்த மரம் பென்சில்வேனியா போய், கிடாராகி, சுங்கவரியும் கட்டிக்கொண்டு தாய்வீடு திரும்புகிறது. “விரல் வைக்கிற பலகை இருக்கே, அது கருங்காலி” என்று பெருமையாகத் தட்டிக் காட்டினார். அதுதான் தப்பாகப் போயிற்று. “கஷ்டம் தீரும்னு ஊரே கருங்காலிய மாலையாக் கோத்துக் கழுத்துல போட்டுகினு இருக்கு. நம்ம வீட்ல செவுத்துல முழங்கணக்குல தொங்குது, கடன்தான் ஏறுது” என்றார் அந்த அம்மாள்.

உள்ளபடியே அவருடைய எதிரி மனைவி அல்ல, கடல். கிடார் மரத்துக்குக் காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் நல்லது என்பார்கள். வீராம்பட்டினத்தில் அலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்தக் கணக்கு எடுபடாது. சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஈரப்பதமானி மாட்டியிருக்கிறார்; காலையில் முதலில் அதைத்தான் பார்ப்பார். தெருப்பிள்ளைகள் புது ஷூ வாங்கினால், பெட்டிக்குள் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் அவருக்கு என்பது எழுதாத சட்டம். விடியற்காலையில் கரையில் நின்று, “இன்னிக்குக் கொண்டலா, கச்சானா?” என்று மீனவர்களிடம் விசாரிப்பார். கொண்டல் என்றால் கடலிலிருந்து ஈரம் வரும், மரம் ஊறும், கழுத்து வளையும். அவர்கள் காற்றைப் பார்ப்பது படகுக்கு. இவர் பார்ப்பது கழுத்துக்கு.

மீனவர்களோடு அவருக்கு இன்னொரு சொந்தமும் உண்டு. கிளாசிக்கல் கிடாருக்கு ஒரு காலத்தில் விலங்குக் குடலில் திரித்த நரம்புதான். இரண்டாம் உலகப்போரில் குடல் நரம்பெல்லாம் காயத்துக்குத் தையல் போடப் போய்விட, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலானில் நரம்பு செய்து பார்த்தார். கிடார் மேதை செகோவியா அதை ஏற்றுக்கொள்ள, உலகமும் ஏற்றுக்கொண்டது. “உங்க வலையும் என் கிடாரும் ஒரே நைலான் குடும்பம்பா” என்று இவர் சொன்னதற்கு, “எங்க நைலான்ல மீனாவது மாட்டுது, அண்ணே” என்று பதில் வந்தது.

மாலையில் வேலை தொடங்கும். அதற்குப் பெயர் செட்டப். முதலில் கழுத்து. ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுவிசையில் கழுத்தை முன்னால் வளைக்கின்றன. அதை எதிர்த்துப் பிடிக்க உள்ளே ஓர் இரும்புக் கம்பி, டிரஸ் ராடு. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்திப் பிடித்தால், நடுவில் கம்பிக்குக் கீழே கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இடைவெளி தெரிய வேண்டும். அதை அளக்க ஃபீலர் கேஜ் வைத்திருக்கிறார். பைக் மெக்கானிக் வால்வு இடைவெளி பார்க்கிற அதே கருவி. டிரஸ் ராடைக் கால் திருகு திருகிவிட்டு, மரம் இறங்கி உட்காரட்டும் என்று ஒரு நாள் விடுவார். மறுநாள் ஆக்‌ஷன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பி 2 மில்லிமீட்டர் உயரத்திலும், மெல்லிய கம்பி ஒன்றரையிலும் நிற்க வேண்டும். அதற்கும் மறுநாள் இன்டொனேஷன். திறந்த கம்பியின் சுரமும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தும் சுரமும் துல்லியமாக ஒரு ஸ்தாயி தள்ளி நிற்கும்வரை பிரிட்ஜில் உள்ள சிறு ஸ்க்ரூவைத் திருகுவார். மூன்றும் முடிவதற்குள் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துவிடும். புதுக்கம்பி மாற்றுவார். மாற்றினால் இழுவிசை மாறும். கழுத்து மறுபடி வளையும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கரையில் படகுக்கு வண்ணம் அடிப்பார்கள், என்ஜினைப் பிரிப்பார்கள், வலையைச் சரிசெய்வார்கள். கிடார்க்காரருக்கு மனம் நிறைந்த பருவம் அது. ஊரே செட்டப்பில் இருக்கும். தான் மட்டும் வித்தியாசமானவன் இல்லை என்று ஒரு தெம்பு. ஆனால் ஜூன் 15 வந்தால் படகுகள் கடலுக்குப் போய்விடும். இவருடைய தடைக்காலத்தை முடித்துவைக்க எந்த அரசாணையும் வருவதில்லை.

இத்தனைக்கும் அடுத்த ஆறாம் நாள் ஒரு வாய்ப்பு. ஜூன் 21, இசைத் திருநாள். பிரான்ஸில் 1982-இல் தொடங்கிய பழக்கம். தேர்ந்த வித்வான், கற்றுக்குட்டி என்று பாராமல் யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று வாசிக்கலாம். புதுச்சேரியில் அலியான்ஸ் பிரான்சேஸ் அதைக் கொண்டாடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் இவர் தயாராகிறார். ஒவ்வோர் ஆண்டும் இரண்டாவது கம்பி சரியாக வருவதில்லை.

அது அவர் குற்றமும் இல்லை. கிடாரின் ஃப்ரெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கின்றன. ஒரு பங்கை 100 சென்ட் என்று வைத்தால், அந்தர காந்தாரம் 400 சென்ட்டில் விழுகிறது. இயற்கையான காந்தாரமோ சுமார் 386. அந்த 14 சென்ட்டை எந்த ஸ்க்ரூவாலும் எடுக்க முடியாது. ஒரு ராகத்துக்குச் சரிசெய்தால் இன்னொன்றில் இடிக்கும். உலகம் முழுக்க கிடார்க்காரர்கள் இந்த 14 சென்ட்டை விழுங்கிவிட்டு வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். நம்மவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. “கணக்குலயே தப்பு இருக்கு. தெரிஞ்சே எப்படிங்க வாசிக்கிறது?” என்று கேட்பார். அலுவலகத்தில் கூட்டல் ஒத்துப்போகாத பில்லைத் திருப்பி அனுப்பும் அதே முகம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அவரை வீண் என்று நினைத்துவிடக் கூடாது. சுற்று வட்டாரத்தில் எந்தப் பையன் கிடார் வாங்கினாலும், கடையிலிருந்து நேராக இவர் வாசலுக்குத்தான் வருவான். காசு வாங்க மாட்டார். திட்டு மட்டும் கொடுப்பார். “இவ்ளோ உயரத்துல கம்பி இருந்தா விரல் என்னாத்துக்கு ஆவும்?” என்று கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார். நட்டில் பள்ளத்தை ஊசி அரத்தால் அராவி, பிரிட்ஜ் எலும்பைத் தேய்த்து, மறுநாள் திருப்பிக் கொடுக்கும்போது, அழுத்த முடியாமல் விட்டுவிட நினைத்த பையன் முதல் முறையாக எஃப் கார்டு பிடிப்பான். அப்படிப் பிடித்தவர்களில் சிலர் இன்று கல்யாண ரிசப்ஷன்களில் வாசிக்கிறார்கள். இசைத் திருநாளன்று கடற்கரைச் சாலையில் அவர்கள் வாசிக்கும்போது கூட்டத்தின் ஓரமாக நிற்பார். பாட்டு முடிந்ததும் எல்லாரும் கைதட்ட, இவர் கிட்டே போய், “மூணாவது கம்பி கொஞ்சம் ஏறியிருக்கு, ராஜா” என்பார். பையன்களுக்கு அது பழகிவிட்டது. “சரிங்க மாமா” என்று உடனே திருகிக்கொள்வார்கள்.

அவருடைய சொந்தக் கச்சேரியும் ஒரு நாள் நடந்துதான் விட்டது. ஆடி மாதம், செங்கழுநீர் அம்மன் தேர்த் திருவிழா. பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடித்த ஊர் அது. இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். தேரன்று கூட்டம் தெருவை அடைத்து நிற்க, மைக்செட்டில் அம்மன் பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. கூடத்திலிருந்து மனைவி கத்தினார்: “ஏங்க, வாங்களேன், யாரோ கிடார் வாசிக்கிறாங்க!”

ஓடி வந்து பார்த்தார். கூடத்தில் யாரும் இல்லை. ஸ்பீக்கரிலிருந்து வந்த சுரங்களுக்கு, சுவரில் தொங்கிய ஏழு கிடாரிலும் அதே சுரத்தில் கட்டிய கம்பிகள் தாமாகவே ரீங்கரித்துக்கொண்டிருந்தன. சுருதி ஒத்த கம்பிதான் அப்படிப் பேசும். ஒவ்வொன்றாகக் காது வைத்துக் கேட்டார். கிவ்சன்கூடச் சேர்ந்திருந்தது. முகம் மலர்ந்துபோயிற்று.

“பாத்தியா?” என்றார் மனைவியிடம். “நான் தொடவே இல்லை. செட்டப் கரெக்டா இருந்தா அதுவே வாசிக்கும்!”