ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள்!

இந்த மாதக் கடிதங்கள் சேந்தமங்கலம் கடைவீதியிலிருந்து கொல்லிமலை உச்சி வரை பல ஊர்களிலிருந்து வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் குற்றவாளி ஒருவரே: வைஃபையில் சேர மறுக்கும் ஸ்பீக்கர். அவருக்கு ஆதரவாகப் பேச ஆள் இல்லாததால் அந்தப் பக்கம் நான் நிற்கிறேன்.

கேள்வி: புது ஸ்பீக்கர் வாங்கினேன். போனில் வைஃபை பிரமாதமாக ஓடுகிறது. ஸ்பீக்கர் மட்டும் 'இணைக்க முடியவில்லை' என்கிறது. கடையில் கொடுத்தால் மாற்றித் தருவார்களா?
– ஜவுளிக் கடைக்காரர், சேந்தமங்கலம்

பதில்: தருவார்கள். மாற்றி வந்ததும் இதையே சொல்லும். பஸ் செலவை மிச்சப்படுத்துங்கள்.

உங்கள் ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். உங்கள் போனுக்கு இரண்டும் தெரியும். விலை குறைந்த ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரவுட்டர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் போன் போய் 5-இல் உட்கார்ந்துகொள்ளும். ஸ்பீக்கரைச் சேர்த்துவைக்க வேண்டிய ஆப் இரண்டுக்கும் நடுவில் குழம்பி நிற்கும்.

ரவுட்டரைத் தலைகீழாகத் திருப்புங்கள். அடியில் உள்ள ஸ்டிக்கரில் 192.168.1.1 போல ஒரு முகவரியும், உள்ளே நுழைவதற்கான பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். போன் பிரவுசரில் அதை அடித்து நுழைந்து 5-ஐக் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள். ஸ்பீக்கர் சேர்ந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். அடுத்த முறையும் இந்தத் தொல்லை வேண்டாமென்றால் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. வைஃபை பெயரின் கடைசியில் '5ஜி' என்று இருந்தால் அதற்கும் செல்போன் 5ஜிக்கும் சம்பந்தமே கிடையாது. அது 5 கிகாஹெர்ட்ஸ் என்பதன் சுருக்கம். '5ஜி வந்துவிட்டதே, ஸ்பீக்கர் இன்னும் வேகமாகச் சேருமே' என்று அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் இந்தக் கடிதக் கட்டிலேயே இருக்கிறார்கள்.

கேள்வி: பாஸ்வேர்டைச் சரியாகத்தான் அடிக்கிறேன். தப்பு என்கிறது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.
– ஆசிரியை, காளப்பநாயக்கன்பட்டி

பதில்: உங்கள் மேல் சந்தேகம் வேண்டாம் டீச்சர், போன் கீபோர்டைச் சந்தேகியுங்கள். அது முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும். கடைசியில் ஓர் இடைவெளியையும் சேர்த்து வைக்கும். கண் படத்தைத் தொட்டு, அடித்ததைக் கண்ணால் பாருங்கள்.

அதுவும் சரி என்றால் பூட்டைப் பார்க்க வேண்டும். வைஃபைக்கு டபிள்யூ.பி.ஏ.2 என்ற பாதுகாப்பு முறை 2004-இல் வந்தது, டபிள்யூ.பி.ஏ.3 2018-இல் வந்தது. புது ரவுட்டரில் மூன்றாவது மட்டும் போட்டிருந்தால், இரண்டாவதை மட்டும் அறிந்த ஸ்பீக்கர் உள்ளே வர முடியாது. பல ஸ்பீக்கர்கள் அதையும் 'பாஸ்வேர்டு தவறு' என்றுதான் சொல்லும். ரவுட்டரில் இரண்டும் கலந்த அமைப்பு இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: தமிழ்ப் பற்றோடு எங்கள் வைஃபைக்கு ஊர்ப் பெயரைத் தமிழில் வைக்கப் பார்த்தேன். ரவுட்டர் ஏற்கவில்லை. பிறகு 'வல்வில் ஓரி' என்று வைத்தேன். ஏற்றுக்கொண்டது, ஆனால் ஸ்பீக்கருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. ஏன்?
– கல்லூரி மாணவர், சேந்தமங்கலம்

பதில்: தம்பி, இவ்வளவு நாளாக எனக்கு வந்த கேள்விகளில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் பற்றுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன்.

வைஃபை பெயருக்கு விதிப்படி 32 பைட்டுகள்தான் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழுக்கு ஒவ்வோர் எழுத்துக் குறியும் மூன்று பைட்டு. புள்ளிக்கும் மூன்று, கொம்புக்கும் மூன்று. 'சேந்தமங்கலம்' என்று எழுத 12 குறிகள் வேண்டும், அதாவது 36 பைட்டு. நான்கு பைட்டு வித்தியாசத்தில் நம் ஊர் வெளியே நின்றுவிட்டது! 'கொல்லிமலை' 27 பைட்டில் உள்ளே போய்விடும். 'வல்வில் ஓரி' நடுவில் உள்ள இடைவெளியையும் சேர்த்து 31. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்ததாகச் சங்கப் பாட்டு புகழும் வள்ளல், இங்கேயும் ஒரு பைட்டு மிச்சம் வைத்து ஜெயித்திருக்கிறார்.

ரவுட்டர் ஏற்றாலும் ஸ்பீக்கர் ஏற்க வேண்டுமே. ஆங்கில எழுத்துகளைத் தாண்டி எதையும் படிக்கத் தெரியாத சாதனங்கள் இன்னும் விற்கப்படுகின்றன. தமிழ்ப் பெயர், ஸ்மைலிப் படம், சில சமயம் மேற்கோள் குறி, எதைக் கண்டாலும் அவை விழிக்கும். கோடிக்கணக்கானோர் பேசும் மொழியில் ஒரு பெயரைப் படிக்கத் தெரியாமல் ஒரு பொருளைச் சந்தைக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் குறை. தமிழைக் கழற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வழி இருக்கிறது. பெரும்பாலான ரவுட்டர்களில் ஒன்றுக்கு மேல் பெயர் வைக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸுக்கு 'வல்வில் ஓரி' அப்படியே இருக்கட்டும், போனும் மடிக்கணினியும் அதில் சேரட்டும். ஸ்பீக்கருக்காக 2.4-க்கு மட்டும் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் வையுங்கள்.

கேள்வி: மலை மேல் எங்கள் வீடு கருங்கல் சுவர், தகரக் கூரை. திண்ணையில் ரவுட்டர், சமையலறையில் ஸ்பீக்கர். இருபதடி கூட இல்லை. அந்தக் காலத்தில் திருச்சி வானொலி மலை மேலேயும் கேட்டது, இதற்கு ஒரு சுவர் தாண்ட முடியவில்லையா தம்பி?
– வாசகி, செம்மேடு

பதில்: அம்மா, இரண்டும் ரேடியோ அலைதான். ஆனால் அளவு வேறு. 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையத்தின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். அந்த அலை ஒன்றின் நீளம் சுமார் 320 மீட்டர். அவ்வளவு நீள அலைக்கு உங்கள் வீட்டுச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. மேடு பள்ளங்களைத் தழுவிக்கொண்டே தரையோடு வரும். அதை அனுப்பிய டிரான்ஸ்மிட்டரின் சக்தியும் பல்லாயிரம் வாட். உங்கள் ரவுட்டர் ஒரு வாட்டில் சிறு பகுதியைத்தான் வெளியே விடுகிறது. அதன் 2.4 அலை 12.5 சென்டிமீட்டர் நீளம், 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிக்கும் குறைவு. கருங்கல் அதை விழுங்கும், தகரம் திருப்பி அடிக்கும், தண்ணீர்த் தொட்டி குடித்துவிடும்.

அதனால் ரவுட்டரைத் திண்ணையிலிருந்து எடுத்து, இரண்டு அறைக்கும் நடுவில் கதவு திறந்திருக்கும் இடமாகப் பார்த்து, ஆள் உயரத்துக்கு மேல் மாட்டுங்கள். கல்லை விடக் கதவு சன்னல் வழியாக அலை சுலபமாக வரும். டிவிக்குப் பின்னால் வேண்டாம், இரும்பு பீரோ மேலேயும் வேண்டாம். சமையலறையில் மைக்ரோவேவ் இருந்தால் ஸ்பீக்கரை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில்தான், சோறு சூடாகும் வரை பாட்டு திக்கும்.

முதல் தடவை சேர்க்கும்போது மட்டும் ஸ்பீக்கரை ரவுட்டர் பக்கத்துக்கே தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுங்கள். அங்கே சேர்ந்து, சமையலறையில் அறுந்தால் பிரச்சினை சுவர்தான். அங்கேயே சேரவில்லையென்றால் சுவரைக் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் வைஃபை தேடினால் ஏகப்பட்ட பெயர்கள் வருகின்றன. இரவு எட்டு மணிக்கு மேல் ஸ்பீக்கர் அறுந்து அறுந்து பாடுகிறது.
– வாசகர், சேந்தமங்கலம்

பதில்: 2.4-ஐ உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005-இல் திறந்துவிட்டது. திறந்த இடத்தில் கூட்டம் சேரத்தானே செய்யும்? புளூடூத்தும் அங்கேதான் இருக்கிறது. அதில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். அக்கம்பக்கத்தார் எதில் இருக்கிறார்கள் என்று போனில் ஒரு வைஃபை அளக்கும் ஆப் போட்டுப் பார்த்து, காலியாக உள்ளதை ரவுட்டரில் நிலையாகத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கர் செத்துவிடுகிறது.
– வாசகர், காரவள்ளி

பதில்: சாகவில்லை, அவசரப்பட்டுவிட்டது. கரண்ட் வந்ததும் ஸ்பீக்கர் அரை நிமிடத்தில் எழுந்துவிடும். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் எழ இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும். தேடிப் பார்த்து யாரும் இல்லையென்று ஸ்பீக்கர் முயற்சியை விட்டுவிடுகிறது. ரவுட்டர் விளக்குகள் நிலையாக எரிந்த பிறகு ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கிச் செருகுங்கள், போதும். 12 வோல்ட் ரவுட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. அடிக்கடி மின்வெட்டு உள்ள இடத்தில் நான் தயங்காமல் வாங்கச் சொல்லும் ஒரே உபரிப் பொருள் அதுதான்.

ஃபைபர் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக இருந்தால் வெளியே கேபிள் அறுந்திருக்கலாம். ஸ்பீக்கரை விட்டுவிட்டு இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: பேரன் வந்தான், ஊசியால் ரவுட்டரின் துளையில் குத்தினான். இப்போது எதிலுமே நெட் இல்லை. அவன் ஊருக்குப் போய்விட்டான்.
– ஓய்வு பெற்ற அலுவலர், பேளுக்குறிச்சி

பதில்: பேரன் நல்ல மனதோடுதான் செய்திருப்பான், போன் போட்டுத் திட்டிவிடாதீர்கள். அணைத்துப் போடுவது ரீஸ்டார்ட். ஊசித் துளை ரீசெட். ரீசெட் செய்தால் இணைப்புக் கொடுத்தவர் உள்ளே பதிந்து வைத்த பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அழிந்து போகலாம். அவர்களைக் கூப்பிட்டு மறுபடி பதியச் சொல்லுங்கள். இந்த முறை அதை ஒரு தாளில் எழுதி வாங்கி வையுங்கள்.

ரீசெட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்று நான் விடாமல் சொல்வதற்கு உலகறிந்த காரணம் ஒன்று இருக்கிறது. கூகுள் 2015-இல் கொண்டுவந்து 2019-இல் நிறுத்திய குரோம்காஸ்ட் ஆடியோ என்ற சிறு வட்டப் பெட்டி, பழைய ஸ்பீக்கரை வைஃபை ஸ்பீக்கராக்கும் அருமையான பொருள். 2025 மார்ச் மாதம் ஒரு நாள் அதுவும் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்டும் பல நாடுகளில் ஒரே சமயத்தில் வேலை நிறுத்தம் செய்தன. வீட்டு வைஃபை நன்றாகத்தான் இருந்தது. சாதனம் உண்மையானது என்று காட்டும் பத்தாண்டு டிஜிட்டல் சான்றிதழ் அன்று காலாவதியாகிவிட்டது, அவ்வளவுதான். பொறுமையாக இருந்தவர்களுக்குச் சில நாளில் புதுப்பிப்பு வந்து எல்லாம் சரியானது. பதற்றத்தில் ரீசெட் செய்தவர்கள் மறுபடி அமைக்க முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுளே வேண்டிக் கேட்டுக்கொண்டது.

காரவள்ளியிலிருந்து மலையேறும் பஸ் வந்து சேரவில்லையென்றால், எழுபது கொண்டை ஊசி வளைவில் எந்த வளைவில் நிற்கிறது என்றுதானே முதலில் விசாரிப்போம்? இங்கேயும் அதே வரிசைதான். ஃபைபர் பெட்டி விளக்கு சரியா? போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள், வைஃபையில் மட்டும் நெட் வருகிறதா? (டேட்டாவை அணைக்காமல் 'எனக்கு நெட் இருக்கே' என்பவர்கள்தான் அதிகம்.) போனும் ஸ்பீக்கரும் ஒரே வைஃபை பெயரில் இருக்கின்றனவா? ஆப்புக்கு இருப்பிட அனுமதி கொடுத்தீர்களா? ஆண்ட்ராய்டில் பல பதிப்புகளில் அது இல்லாமல் ஆப் வைஃபையைத் தேடவே முடியாது. இத்தனையும் சரி என்றால்தான் ஸ்பீக்கரின் ரீசெட் பொத்தான். அதற்கும் பிறகுதான் ஊசி.

கேள்வி: எங்கள் பக்கம் ஃபைபர் இல்லை. போன் ஹாட்ஸ்பாட்டில் ஸ்பீக்கர் பாடுமா? டேட்டா தீர்ந்துவிடுமா?
– விவசாயி, சோளக்காடு

பதில்: பாடும். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4-ஐத் தேர்ந்தெடுங்கள், ஐபோன் என்றால் 'அதிகபட்சப் பொருத்தம்' என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும், அதைப் போடுங்கள். ஸ்பீக்கரை அமைக்கும்போது இரண்டு போன் வேண்டும். ஒன்று ஹாட்ஸ்பாட் தரட்டும், மற்றொன்றில் ஆப் ஓடட்டும். ஒரே போனை வைத்து இரண்டையும் செய்யப் போய்த்தான் பலர் தோற்கிறார்கள்.

டேட்டாவுக்குப் பயம் வேண்டாம். நல்ல தரப் பாட்டு விநாடிக்கு 160 கிலோபிட் என்று வைத்தால் மணிக்கு 72 எம்பிதான். மிளகு காயவைக்கும் நான்கு மணி நேரமும் பாடினாலும் 300 எம்பியைத் தொடாது.

கேள்வி: கொல்லிமலை விடுதிக்கு ஸ்பீக்கரை எடுத்துப் போனேன். அங்கே வைஃபை இருந்தும் சேரவில்லை.
– சுற்றுலா வாசகர், சேலம்

பதில்: அந்த வைஃபை முதலில் ஒரு பக்கத்தைத் திறந்து போன் நம்பரும் ஓடிபியும் கேட்டிருக்கும். ஸ்பீக்கருக்குத் திரையும் இல்லை, சிம்மும் இல்லை, பாவம் எதை அடிக்கும்? புளூடூத்தில் கேளுங்கள். சத்தத்தை அறைக்குள் வையுங்கள், காட்டுக்கு அதன் சத்தமே போதும்.

கேள்வி: மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன். ஆப்பில் என் ஸ்பீக்கர் வரவே இல்லை. பெட்டியில் 'வயர்லெஸ்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது.
– வாசகர், எருமப்பட்டி

பதில்: அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அது புளூடூத் மட்டும் உள்ள ஸ்பீக்கர். அதில் வைஃபையே கிடையாது. இன்றிரவு நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேள்வி: எழுபது வயது அம்மாவுக்குப் பழைய பாட்டு வேண்டும். வைஃபை ஸ்பீக்கர் வாங்கித் தந்தேன். அறுந்தால் அவரால் சேர்க்க முடியவில்லை, நான் திருப்பூரில் இருக்கிறேன்.
– மகள்

பதில்: அம்மாவுக்கு வேண்டியது பாட்டு. அதற்கு நெட் கட்டாயமில்லை. பாட்டுகளை உள்ளேயே வைத்து, பொத்தானைத் திருப்பினால் பாடும் கார்வான் பெட்டியைச் சரிகம நிறுவனம் 2017-இல் கொண்டுவந்தபோது அதை வாங்கிக் கொடுத்தவர்களில் பெரும்பகுதி உங்களைப் போன்ற பிள்ளைகள்தான். தமிழ்ப் பாட்டுப் பதிப்பும் இருக்கிறது. செலவு குறைய வேண்டுமென்றால் மெமரி கார்டும் எஃப்எம்மும் உள்ள சின்ன ஸ்பீக்கர் போதும். 32 ஜிபி கார்டாக வாங்குங்கள். அதைவிடப் பெரியவற்றைப் பல சின்ன ஸ்பீக்கர்கள் படிப்பதில்லை. பாட்டு ஒன்று 5 எம்பி என்றால் அதில் ஆறாயிரம் பாட்டு வரை பிடிக்கும். இப்படிப்பட்ட ஸ்பீக்கர்களில் பல, காப்பி செய்த வரிசையிலேயே பாடும். அதனால் முதலில் அம்மாவுக்குப் போன் போட்டு எந்தப் பாட்டு முதலில் வேண்டும் என்று கேட்டு, அதை முதலில் காப்பி செய்யுங்கள்.