விபீஷணனின் இடுப்பு

ஸ்ரீரங்கம் உண்டான கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ராமரிடம் பெற்ற, பெருமாள் பள்ளிகொண்ட ரங்க விமானத்தைச் சுமந்துகொண்டு இலங்கைக்குப் புறப்பட்ட விபீஷணன், காவிரிக்கரையில் அதை இறக்கி வைத்தான். மறுபடி தூக்கப் பார்த்தால் அசையவில்லை. பெருமாளுக்கு இந்த இடம் பிடித்துப்போயிற்று என்பார்கள் பெரியவர்கள். போன மார்கழி வரை நானும் அதைக் கேள்வி கேட்டதில்லை. இப்போது ஒரு சந்தேகம். பெருமாளுக்கு இடம் பிடித்ததா, விபீஷணனுக்கு இடுப்பு பிடித்ததா? அயோத்தியிலிருந்து சுமந்து வந்த களைப்பு. அதோடு முழங்காலை மடக்காமல் குனிந்து, பாரத்தை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துத் தூக்கியிருந்தால், அப்புறம் இலங்கையாவது, ராஜ்யமாவது!

நான் தூக்கப்போனது விமானம் இல்லை, வாசலில் கிடந்த அரை லிட்டர் பால் பாக்கெட். குனிந்தேன். இடுப்பில் சுரீரென்று ஒன்று ஓடியது. அதன்பின் கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை. எதிர்வீட்டு மாமி கோலத்திலிருந்து தலை தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மரியாதையெல்லாம் எதுக்கு ஸார், நிமிருங்கோ" என்றார்.

மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. மார்கழி முழுக்க, இருட்டு பிரியும் முன் காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைத்து, வீதியில் பாதியை அடைத்துக் கோலம் போடுகிறவர். அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. வருடம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து உடம்பைப் பத்திரமாக வைத்திருந்த எனக்குத்தான் பால் பாக்கெட் கனத்தது. தினமும் குனிகிற முதுகு குனிவதைப் பொறுத்துக்கொள்ளும். எப்போதாவது குனிகிற முதுகுதான் முறுக்கிக்கொள்ளும். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குத் தோன்றியது பொறாமை மட்டும்.

ஆல்ஃப் நாக்கெம்சன் என்ற சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர், 1960களில் முதுகெலும்பின் டிஸ்குக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். (அதற்குச் சம்மதித்துப் படுத்தவர்களை நினைத்தால் என் வலியெல்லாம் வலியே இல்லை.) நிற்கும்போது 100 என்று வைத்துக்கொண்டால் மல்லாந்து படுக்கையில் 25, நின்றபடி முன்னால் குனிந்தால் 150. ஆகக்கூடி ஊர் நடுவில் பெருமாள் 25ல் சுகமாகச் சயனித்திருக்கிறார். சுற்றிலும் நாங்கள் 150ல் பெருக்கி, தெளித்து, கோலம் போட்டு, அவரைச் சேவித்துக்கொண்டிருக்கிறோம். நாமும் படுத்துவிடலாமே என்றால் அதற்கும் வழியில்லை. நாள்கணக்கில் படுத்துக்கிடந்தால் இடுப்பு இன்னும் இறுகும், நடமாடு என்கிறது இன்றைய மருத்துவம். நிரந்தரச் சயனம் அவர் ஒருவருக்குத்தான் அனுமதி.

ஊரில் யோசனைக்குப் பஞ்சமில்லை. ஒருவர் மருந்துக்கடை பெல்ட்டைக் கொடுத்து இறுக்கிக் கட்டச் சொன்னார். நாள்பட்ட இடுப்பு வலிக்கு அதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது என்றேன். "அவா ஸ்ரீரங்கத்துக்கு வந்து பார்த்தாளா?" என்றார். இன்னொருவர், பிறக்கும்போது கால் முதலில் வந்த ஒரு பாட்டியை அழைத்து வருவதாகச் சொன்னார். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. பாட்டியின் எடையை விசாரித்துவிட்டு மறுத்தேன்.

கடைசியில் தில்லைநகரில் கைரோபிராக்டிக் என்று பலகை போட்ட கிளினிக்குக்கு ஆட்டோவில் கிளம்பினேன். வழியில் காவிரிப் பாலம். 1976ல் திறந்தது. இணைப்புகளும் பேரிங்குகளும் தேய்ந்துவிட்டன என்று 2022 கடைசியில் மாதக்கணக்கில் மூடி வைத்துப் பழுது பார்த்தார்கள். எனக்குப் பாலத்தைவிட வயது அதிகம். என்னை யாரும் ஒரு நாள்கூட மூடி வைக்கவில்லை.

முதுகெலும்பைக் கையால் அழுத்திப் பார்க்கும் இந்தக் கைரோபிராக்டிக் வைத்தியம் பிறந்ததும் ஒரு குனிந்த முதுகில்தான். 1895 செப்டம்பர், அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரம். காந்த வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டி.டி.பாமர், கட்டடத்தைப் பெருக்கித் துடைத்துவந்த ஹார்வி லில்லார்டின் முதுகைத் தட்டி அழுத்தினார். இடுக்கில் குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ பிசகி, அத்தோடு காது போயிற்று என்பது லில்லார்டின் கதை. காது திரும்ப வந்துவிட்டது என்பது பாமரின் கதை. காது நரம்பு முதுகு வழியாகப் போவதே இல்லை என்பது உடற்கூறு. நம் அமிர்தாஞ்சன் அதற்கு இரண்டு வருடம் மூத்தது, 1893. அது காதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

கிளினிக்காரர் என்னைத் தொடுவதற்கு முன் கேள்விகளாகக் கேட்டார். கால் மரத்துப்போகிறதா? சிறுநீர் போவதில் சிரமமா? காய்ச்சல் உண்டா? கீழே விழுந்தீர்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றிருந்தாலும் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாராம். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை நம்பினேன். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமுமாகத் திருப்பி ஓர் அழுத்து. மடக்!

எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று பூரித்தேன். அவரே மறுத்துவிட்டார். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் சட்டென்று உண்டாகும் வாயு இடைவெளியின் சத்தம்தானாம். 2015ல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் சொடுக்கை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்தே பார்த்திருக்கிறார்கள். என் பாட்டி என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறிப்பாள். அந்தச் சத்தத்தையெல்லாம் திருஷ்டிக் கணக்கில் எழுதிவந்தோம். கழுத்தையும் ஒரு திருப்பு திருப்பட்டுமா என்றார். அபூர்வமாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும் என்று படித்திருந்ததால், அது வலிக்கவில்லை என்று சொல்லி எழுந்துகொண்டேன்.

குணமாயிற்றா? கொஞ்சம் இளகியது. திடீரென்று பிடித்த இடுப்புக்கு ஒத்தடம், மசாஜ், அக்குபங்சர் வரிசையில் இந்த அழுத்தத்தையும் 2017ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி சேர்த்துக்கொண்டது. ஆனால் இந்த மாதிரிப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். அடங்குகிற நேரத்தில் யார் கை மேலே இருக்கிறதோ அவருக்குக் கைராசி.

உருப்படியாகக் கிடைத்தது அவர் கடைசியில் கற்றுக்கொடுத்ததுதான். முதுகை வளைக்காதே, இடுப்பு மூட்டில் மடங்கு, முழங்காலை மடக்கி இறங்கு, ஏறு. தினமும் காலையில் திண்ணையைப் பிடித்துக்கொண்டு பயிற்சி. மூன்றாவது முறை இறங்கும்போது மாமி கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றுவிட்டார்.

"என்ன ஸார், தும்பிக்கையாழ்வாருக்கு வேண்டுதலா?"

"இல்லை மாமி, இடுப்புக்கு."

"அப்போ காதையும் பிடிச்சுக்கோங்கோ. ரெண்டு கணக்கும் ஒண்ணாத் தீர்ந்துடும்."