எங்கடை கேக்கை நாங்களே வாங்குவம்

இடம்: லண்டன், ஹரோவில் ஒரு வீட்டுக் குசினி.

காலம்: யூன் மாதத்து வெள்ளிக்கிழமை, இரவு ஒன்பது மணி. வெளியே வெளிச்சம் இன்னும் போகவில்லை. மேசை முழுக்கக் கப் கேக், கொடித்தோரணம், ரிக்கற் கட்டு. நடுவில் ஒரு கண்ணாடிப் போத்தில் நிறைய இனிப்பு.

மாஸ்ரர்: வடமராட்சியில் அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார். சீனி வருத்தம் உண்டு. போத்திலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார்.

மகள்: ஆரம்பப் பள்ளிப் பெற்றோர் சங்கத்தின் பொருளாளர். அந்தப் பதவியை அவர் கேட்கவில்லை. கூட்டத்தில் குனிந்து கைப்பைக்குள் திறப்பைத் தேடிய நேரத்தில் தெரிவு நடந்து முடிந்துவிட்டது.

மாஸ்ரர்: நாளைக்கு ஆருக்குப் பிள்ளை கலியாணம்?

மகள்: கலியாணம் இல்லை அப்பா. பள்ளிக்கூடத்திலை சமர் ஃபெயர். 48 கப் கேக் குடுக்கவேணும்.

மாஸ்ரர்: பள்ளிக்கூடம் கேட்டதோ?

மகள்: பள்ளிக்கூடம் ஒண்டும் கேக்காது. "விருப்பமுள்ள பெற்றோர்" எண்டு கடிதம் வரும். விருப்பம் இல்லாட்டி அதை வட்சப் குறூப்பிலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லவேணும். இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை.

மாஸ்ரர்: சரி, கேக் குடுத்தால் என்ன தருவினம்?

மகள்: ஒண்டும் தராயினம். நாளைக்கு நாங்கள் போய் அதை ஒண்டு ஒரு பவுணுக்கு வாங்குவம்.

மாஸ்ரர்: எங்கடை கேக்கையோ?

மகள்: எங்கடை கேக்கைத்தான். உங்கடை பேத்தி வேறை ஆற்றையும் கேக்கைத் தொடமாட்டாள்.

மாஸ்ரர்: மா எங்கடை, முட்டை எங்கடை, கரண்ட் எங்கடை. கடைசியிலை காசும் எங்கடை. பொருளாளர் கணக்குப் பாத்தவவோ?

மகள்: பாத்தன். இதுக்குச் செலவான 20 பவுண்ஸை நேரை குடுத்திருந்தால் பள்ளிக்கூடத்துக்குக் கூட லாபம். சங்கம் பதிஞ்ச தர்ம ஸ்தாபனம். நான் வரி கட்டுற ஆள் எண்டு ஒரு படிவம் நிரப்பினால், குடுக்கிற ஒவ்வொரு பவுணுக்கும் அரசாங்கம் மேலை 25 பென்ஸ் போடும். கேக்குக்கு ஒண்டும் போடாது.

மாஸ்ரர்: அப்ப ஏன் இந்த மாய்ச்சல்?

மகள்: காசு குடுத்தால் அது நன்கொடை அப்பா. கேக் குடுத்தால்தான் ஈடுபாடு.

மாஸ்ரர்: எங்கடை பள்ளிக்கூடத்திலை தாய் தேப்பன்ரை ஈடுபாடு கேற்றோடை சரி. முதல் நாள் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவினம். "கண்ணை மட்டும் விட்டிட்டு மிச்சத்தை நீங்கள் பாருங்கோ சேர்" எண்டு சொல்லுவினம். பேந்து சோதினை மறுமொழிக்குத்தான் ஆளைக் காணலாம்.

மகள்: நீங்களும் சொன்ன சொல்லைக் காப்பாத்தினீங்கள். கண்ணை மட்டும் விட்டீங்கள்.

மாஸ்ரர்: ஒழுக்கம் இருந்தது பிள்ளை.

மகள்: உங்கட்டைப் படிச்ச உங்கடை மருமோன், மகனுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கேக்கை இப்பவும் கையைப் பின்னாலை கட்டிக்கொண்டுதான் நிக்கிறார். மரியாதை எண்டு பிள்ளை நினைக்கிறான். ஒளிக்கிறார் எண்டு எனக்குத் தெரியும்.

மாஸ்ரர்: (இருமிவிட்டு) பேரனுக்கு வாய்ப்பாடு ஓடுதோ? இஞ்சை என்னத்தைப் படிப்பிக்கினம்?

மகள்: இந்த மாசம்தான் அவனுக்கு அந்தச் சோதினை. நாலாம் ஆண்டு. கொம்பியூற்றரிலை 25 கேள்வி, ஒண்டுக்கு 6 செக்கன்.

மாஸ்ரர்: ஆறு செக்கனோ? தாராள மனசுக்காறர். நான் பிரம்பை எடுக்கிற நேரம்தான் குடுத்தனான். சின்னவளுக்கும் ஏதோ எண்டாய்?

மகள்: அவள் முதலாம் ஆண்டு. 40 சொல்லு வாசிச்சுக் காட்டவேணும். அதிலை 20 சொல்லு உலகத்திலை இல்லாத சொல்லு.

மாஸ்ரர்: இல்லாத சொல்லை என்னெண்டு வாசிக்கிறது?

மகள்: எழுத்தைக் கூட்டி வாசிக்குதோ, பாடமாக்கி ஒப்பிக்குதோ எண்டு பிடிக்கிறதுக்கு அப்பிடி. இல்லாத சொல்லுக்குப் பக்கத்திலை ஒரு விநோதப் பிராணியின்ரை படம் கிடக்கும். அதின்ரை பேர் எண்டு பிள்ளைக்குச் சொல்லுவினம்.

மாஸ்ரர்: உது நல்ல முறை. எங்கடை கல்வித் திணைக்களத்துச் சுற்றுநிருபத்திலையும் பாதிச் சொல்லு அப்பிடித்தான். படம் மட்டும் போடுறேல்லை.

(மேசைக்குக் கீழே ஏதோ கடதாசி சரசரக்கிறது. மகள் தோரணம் கட்டுவதில் மும்முரம்.)

மகள்: ஈஸ்ரருக்குப் பிறகு தொடங்கி யூலைக் கடைசி மட்டும், இந்த ஒரு தவணைதான் அப்பா ஆளைக் கொல்லுறது. மேயிலை ஆறாம் ஆண்டுக்குச் சோதினை. பிறகு விளையாட்டுப் போட்டி. சுற்றுலாவுக்குக் கூடப்போக ஆள் வேணும். கிழமைக்கொரு வீடாச் சுத்துற கரடிப் பொம்மையைக் கூட்டிவந்து, அதுக்கு நாட்குறிப்பு எழுதிக் குடுக்கவேணும்.

மாஸ்ரர்: ஆர் எழுதுறது?

மகள்: பிள்ளை எழுதவேணும். ஞாயிறு இரவு பத்து மணிக்கு நான் இடக்கையாலை எழுதுவன். கடைசியிலை 11 வயசுப் பிள்ளையளுக்குப் பிரியாவிடை. தாய்மார் குழறி அழுவினம்.

மாஸ்ரர்: பதினொரு வயசிலை பிரியாவிடையோ? அந்த வயசிலை எங்கடை பிள்ளையள் புலமைப்பரிசில் எழுதி, வெட்டுப்புள்ளியோடை மல்லுக்கட்டி முடிச்சிருப்பினம்.

மகள்: பிள்ளையளோ, தாய்மாரோ? 200க்கு எத்தினை வரும் எண்டு பள்ளிக்கூட மாமரத்துக்குக் கீழை பாய் போட்டு இருந்தவை ஆர்? ஈடுபாடு கேற்றோடை சரி எண்டீங்கள்.

மாஸ்ரர்: மாமரம் கேற்றுக்கு வெளியிலை.

மகள்: கிளை உள்ளுக்கை.

மாஸ்ரர்: அதை விடு. போன கிழமை உவையின்ரை விளையாட்டுப் போட்டியைப் பாத்தன். கரண்டியிலை முட்டை வைச்சு ஓடுதுகள். ஆர் முதலாவது எண்டு ரீச்சரைக் கேட்டன். சிரிச்சுப்போட்டு என்ரை சேட்டிலை ஒரு ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டா.

மகள்: பங்குபற்றின எல்லாருக்கும் ஒண்டு.

மாஸ்ரர்: நான் கதிரையிலை இருந்தனான்.

மகள்: வந்தீங்கள்தானே.

மாஸ்ரர்: உது போட்டியோ? எங்கடை இல்ல மெய்வல்லுநர் போட்டி எண்டால் ஊரே பிரிஞ்சு நிக்கும். இரவிரவா முழிச்சிருந்து இல்லம் சோடிப்பினம். குருத்தோலை என்ன, கோபுர வாசல் என்ன! சோடனைக்கும் புள்ளி. ஒருமுறை புள்ளிக்கணக்கு பிழை எண்டு தேப்பன்மார் மைதானத்துக்குள்ளை இறங்கி நடுவரைக் கலைச்சவை. மனுசன் வேலி பாய்ஞ்சு தப்பினார். அண்டைக்கு அவர்தான் முதலாவது.

மகள்: அதுக்குத்தான் இஞ்சை எல்லாருக்கும் ஸ்ரிக்கர்.

மாஸ்ரர்: (சற்று யோசித்து) நாளைக்கு மருமோன் வருவாரோ?

மகள்: இரவு வேலை. பெற்றோல் செற்றிலை முடிச்சு வர விடிஞ்சிடும். சங்கக் கூட்டம் ஒண்டில் காலமை ஒன்பதேகாலுக்கு, இல்லாட்டி பின்னேரம் ஏழு மணிக்கு. முதலாவதுக்கு மனுசன் நித்திரை, மற்றதுக்கு வேலைக்கு வெளிக்கிட்டிருப்பார். கடிதத்திலை "எல்லாரும் வருக" எண்டு இருக்கும். வாறது எப்பவும் அதே எட்டுத் தாய்மார்.

மாஸ்ரர்: மிச்ச ஆக்கள்?

மகள்: நாங்கள் எட்டுப் பேரும் "பள்ளிச் சமூகம்". மிச்ச ஆக்கள் "எட்ட முடியாத குடும்பங்கள்". அவையை எப்பிடி எட்டுறது எண்டு போன மாசம் ஒரு கூட்டம் வைச்சம்.

மாஸ்ரர்: எத்தினை மணிக்கு?

மகள்: காலமை ஒன்பதேகாலுக்கு.

(இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. மறுபடியும் கடதாசிச் சத்தம்.)

மாஸ்ரர்: அங்காலை பெட்டியிலை என்ன, போத்திலாக் கிடக்கு?

மகள்: ரொம்போலா. போன வெள்ளி பிள்ளையள் சீருடை இல்லாமல் கலர் உடுப்போடை போனது ஞாபகமோ? அதுக்கு ஆளுக்கொரு போத்தில் கட்டணம். வைன், ஷாம்பூ, சோஸ், எதெண்டாலும் சரி. ஒவ்வொண்டிலையும் இலக்கம் ஒட்டுவம். 0 இலை இல்லாட்டி 5 இலை முடியிற ரிக்கற் எடுத்தவைக்குப் போத்தில். போன வருசம் நான் குடுத்த ஷாம்பூவை மூண்டு பவுண்ஸ் குடுத்து நானே வெண்டனான்.

மாஸ்ரர்: இந்த வருசம்?

மகள்: அதையே திரும்பவும் குடுத்திருக்கிறன்.

மாஸ்ரர்: அடுப்பிலை என்ன மணம்? ரோல்ஸோ?

மகள்: சமோசா.

மாஸ்ரர்: சமோசா எப்ப எங்கடை சாப்பாடானது? ரோல்ஸ் இருக்கு, பற்றிஸ் இருக்கு, மோதகம் இருக்கு.

மகள்: "உலக உணவு" எண்டு ஒரு மேசை. பட்டியல்லை எங்கடை பேருக்கு நேரை சமோசா எண்டு கிடந்தது. திருத்துவம் எண்டு போனன். அந்த மனுசி, "போன வருசம் நீங்கள் குடுத்தது அப்பிடி ஒரு ருசி" எண்டா. போன வருசம் நான் குடுத்தது பற்றிஸ்.

மாஸ்ரர்: யூலையிலை ஒரு கிழமை முந்தி வெளிக்கிட்டு என்னோடை வாருங்கோவன். ரிக்கற் மலிவு. நல்லூரான் கொடியேற்றத்துக்கு முந்தி வீட்டை நிக்கலாம். கொம்மாவும் பாத்துக்கொண்டிருக்கிறா.

மகள்: தவணை நடக்கேக்கை அஞ்சு நாள் பள்ளிக்கூடத்தை மறிச்சால் கவுன்சில் தண்டம் அடிக்கும். ஒரு பிள்ளைக்கு, தாய்க்கு 80 பவுண்ஸ், தேப்பனுக்கு 80. எங்களுக்கு ரெண்டு பிள்ளை. 320. 21 நாளுக்குள்ளை கட்டாட்டி அது 640.

மாஸ்ரர்: அம்மம்மாவைப் பாக்கப்போற பிள்ளைக்குத் தண்டமோ?

மகள்: குடும்பம் பள்ளிக்கூடத்திலை ஈடுபடவேணும் அப்பா. தவணைக்குள்ளை பிள்ளை குடும்பத்திலை ஈடுபடக்கூடாது.

மாஸ்ரர்: ஒருத்தரும் போறேல்லையோ?

மகள்: போகினம். லீவுக்கை விக்கிற ரிக்கற் காசையும், மலிவு ரிக்கற்றோடை தண்டத்தையும் பக்கத்திலை பக்கத்திலை எழுதிப் பாத்து, தண்டம் லாபம் எண்டு கண்டுபிடிச்சுப் போகினம். உங்கடை வாய்ப்பாடு அங்கைதான் உதவுது.

மாஸ்ரர்: நாளைக்குச் சேருற காசு என்னத்துக்கு?

மகள்: முந்தி முற்றத்துக்கு ஏறி விளையாடுற சாமான் வாங்கினது. இப்ப வாசிப்புப் புத்தகம், ஒட்டுற பசை.

மாஸ்ரர்: பசைக்கோ! இவ்வளவு பெரிய நாடு. எங்கடை நாட்டிலை 1945 இலை இருந்து இலவசக் கல்வி தெரியுமோ?

மகள்: நல்லாத் தெரியும். அந்த இலவசக் கல்வியின்ரை மதிலுக்கு 2012 இலை நாங்கள் 500 பவுண்ஸ் அனுப்பினம்.

மாஸ்ரர்: அது பழைய மாணவர் சங்கம், லண்டன் கிளை.

மகள்: கடிதத்திலை கையெழுத்து அதிபர். "விருப்பமுள்ள பழைய மாணவர்கள்" எண்டு எழுதியிருந்தீங்கள்.

மாஸ்ரர்: ...

மகள்: பேந்து தண்ணித் தொட்டி. பேந்து விழா மலருக்கு வாழ்த்துச் செய்தி, வாழ்த்தோடை காசு. கண்ணை மட்டும் விட்டிட்டு மிச்சத்தை உரிச்சது ஆர்?

மாஸ்ரர்: மதிலிலை உங்கடை பேர் பொறிச்சிருக்குப் பிள்ளை.

மகள்: எழுத்துப் பிழையோடை. சரி, எழும்புங்கோ, பதினொரு மணியாகப் போகுது. நாளைக்கு நீங்கள் வீட்டிலை ஆறுதலா இருங்கோ, அங்கை வெயிலிலை நிக்க ஏலாது. அந்த இனிப்புப் போத்திலை இஞ்சாலை தாங்கோ.

மாஸ்ரர்: உது என்னத்துக்கு?

மகள்: எத்தினை இனிப்பு எண்டு ஊகிக்கிற போட்டி. ஒருக்கா ஊகிக்க ஒரு பவுண். கிட்டச் சொல்லுற பிள்ளைக்குப் போத்தில். ரெண்டு தரம் எண்ணி, 312 எண்டு எழுதிக் கடித உறைக்குள்ளை ஒட்டிப்போட்டன்.

மாஸ்ரர்: (போத்திலை விடாமல்) ஒட்டிப்போட்டியோ?

மகள்: ஓம்.

மாஸ்ரர்: நான் நாளைக்கு வாறன். இந்த மேசைக்குக் காவல் நான். பட்டியல்லை பேரைப் போடு.

மகள்: இதென்ன, திடீரெண்டு ஈடுபாடு?

மாஸ்ரர்: அந்த உறையை ஒருக்கா உடை பிள்ளை. 312 ஐ வெட்டி 305 எண்டு எழுது.

(வேட்டி மடிப்பிலிருந்து ஏழு வெறும் கடதாசிகளை எடுத்து, ஒவ்வொன்றாக நீவி, கணக்குக் கொப்பிக்குப் பக்கத்தில் அடுக்குகிறார்.)

மகள்: அப்பா! உங்கடை சீனி வருத்தத்துக்கு...

மாஸ்ரர்: கத்தாதை, பிள்ளையள் எழும்பப் போகுதுகள். எல்லாம் எங்கடை காசிலை வாங்கினதுதானே. கொப்பியிலை பதி: குடும்பப் பங்களிப்பு, ஏழு.