மவுஸைக் கழற்றி மாட்டுங்க அண்ணாச்சி

"ஓட மாட்டேங்குது தம்பி."

சொந்தமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு வருகிற போன் முழுக்க இவ்வளவுதான். எது ஓடவில்லை, என்றைக்கிருந்து ஓடவில்லை, திரையில் என்ன வந்தது என்று துருவினால், "என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சு, ஓகே கொடுத்துட்டேன்" என்பார்கள். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, எங்கே வலிக்கிறது என்று கேட்ட டாக்டரை முறைக்கிற மாதிரி.

மதுரையில் இருந்துகொண்டு விஷுவல் பேசிக் 6இல் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 1998இல் வந்த மொழி அது. அதற்கான வழக்கமான ஆதரவு 2005 மார்ச் 31ஆம் தேதியோடு முடிந்தது. சரியாக நாலாம் நாள், விருதுநகரில் ஒரு மல்லி, வத்தல் மண்டியில் அதே மொழியில் எழுதிய மென்பொருளுக்கு நான் சந்தனப்பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

முன்னேற்பாடு இல்லாமல் போகவில்லை. மார்ச் 15 முதல் 31 வரை வீட்டில் உட்கார்ந்து தினமும் பொய்யாக மல்லி விற்று, பொய்யாக வத்தல் வாங்கி, சாயங்காலம் கணக்குப் பார்த்தேன். ஒரு பைசா பிசகவில்லை. இந்த 15, 31 இரண்டையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 4, திங்கட்கிழமை. மண்டி முதலாளி அண்ணாச்சி மானிட்டருக்கு மாலை போட்டார். 'இன்றைய கணக்கு' என்ற பொத்தானை அவர் கையாலேயே அழுத்தச் சொன்னேன். அன்று எழுதிய சிட்டை பதினொன்றும் வரிசையாக வந்து நின்றன. கடையே கைதட்டியது. கணக்கப்பிள்ளை மட்டும் தட்டவில்லை. நாற்பது வருஷம் பேரேடு எழுதிய கை. மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "கரண்டு போனா?" என்று கேட்டார். யுபிஎஸ்ஸைக் காட்டினேன். "அது போனா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் எண்ணெய் பரோட்டா வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் போன். "இன்னைக்குக் கணக்கு வெள்ளையா வருது தம்பி." அதாவது, காலிப் பக்கம்.

எங்கள் தொழிலில் முதல் மருந்து எல்லா நோய்க்கும் ஒன்றுதான். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அண்ணாச்சி." பண்ணினார். வெள்ளை. 6ஆம் தேதி, ஏதோ ஒரு ஓசிஎக்ஸ் கோப்பு பதிவாகவில்லை என்று முடிவுகட்டி, ரெக்எஸ்விஆர்32 என்ற கட்டளையைப் போனிலேயே எழுத்தெழுத்தாகச் சொல்லி அடிக்கவைத்தேன். 'வெற்றி' என்று திரை சொன்னது. கணக்கு வெள்ளை. 7ஆம் தேதி வைரஸ் மேல் பழி. 8ஆம் தேதி யுபிஎஸ் மேல். 11ஆம் தேதி கண்ட்ரோல் பேனலில் தேதி அமைப்பைப் பார்க்கச் சொன்னேன். நம் ஊர் முறைப்படி நாள், மாதம், ஆண்டு என்று சரியாகவே இருந்தது. தேதியில் கோளாறு இல்லை என்று அதோடு அந்தக் கதவைச் சாத்தினேன். வீட்டுக்குள் திருடனை வைத்துப் பூட்டிய கதைதான்.

13ஆம் தேதி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பேசாமல் இருந்தால் மரியாதை போய்விடுமே என்று, "மவுஸைக் கழற்றி மாட்டுங்க அண்ணாச்சி" என்றேன்.

ஓடியது.

"நாளைக்குச் சித்திரை பொறக்குது, பாத்தீங்களா!" என்றார் அண்ணாச்சி. அவருக்குச் சித்திரை, எனக்கு மவுஸ். மவுஸுக்கும் மண்டிக் கணக்குக்கும் என்ன உறவு என்று நான் யோசிக்கவே இல்லை. ஓடாததை ஆயிரம் கேள்வி கேட்போம், ஓடுவதை ஒரு கேள்வி கேட்கமாட்டோம். அந்த மாதம் முடியும்வரை கணக்கு பிசகாமல் வந்தது.

இடையில் மனசு கேட்காமல் என் நிரலை எடுத்துப் பார்த்தேன். அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் தலைமாட்டில் ஒரு வரி எழுதிவைத்திருந்தேன்: ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட். தப்பு நடந்தால் பார்த்தும் பாராததுபோல் அடுத்த வரிக்குப் போ என்று பொருள். கல்யாண வீட்டில் சாம்பார் தீய்ந்துபோனால் பெரியவர்கள் செய்வார்களே, அது. பிழைச் செய்தியே வராது, கடைக்காரர் பயப்படமாட்டார் என்று அதைப் பெருமையாகச் சேர்த்திருந்தேன். எடுத்துப் பார்த்தபோதுதான் உள்ளே என்னென்ன தீய்ந்திருக்கிறது என்று தெரிந்தது.

அந்த உற்சாகத்தில் மற்றதையும் துழாவினேன். எழுத்தை எண்ணாக்க நான் பயன்படுத்திய வால் என்ற கட்டளை கமாவைக் கண்டால் அங்கேயே நின்றுவிடும். 1,25,000 என்று அடித்தால் முதல் கமாவுக்கு முந்தி இருக்கும் 1 மட்டும்தான் உள்ளே போகும். ஒரு லோடு மல்லி ஒரு ரூபாய். நல்லவேளை, அந்த மண்டியில் யாருக்கும் கமா போடும் பழக்கம் இல்லை. என் மென்பொருள் பிழைத்தது என் திறமையால் அல்ல, அவர்களுடைய சோம்பலால்.

பிழை எங்கே என்று பார்க்க வழிநெடுகச் சின்னச் செய்திப் பெட்டிகளைச் செருகுவது எங்கள் பழக்கம். 'வந்தாச்சு 1', 'வந்தாச்சு 2' என்று எழுதுவோம். பெட்டி எதுவரை வருகிறதோ அதுவரை நிரல் உயிரோடு இருக்கிறது என்று கணக்கு. ராத்திரி ஒரு மணிக்கு வெறுப்பில், ஆங்கில எழுத்தில் தமிழாக, 'டேய், இன்னுமா இருக்க?' என்று ஒன்று எழுதினேன். எல்லாவற்றையும் எடுத்தேன், அதைத் தவிர. புதுப் பதிப்பை ஏற்றிய மறுநாள் அண்ணாச்சி பில் போட உட்கார்ந்ததும் திரை அவரைக் கேட்டது: டேய், இன்னுமா இருக்க? அவருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. "உங்க கம்ப்யூட்டருக்கு வாய் நீளம் தம்பி" என்றதோடு விட்டார்.

அது ஏன் ஆங்கில எழுத்து என்றால், விபி 6இன் செய்திப் பெட்டிக்கும் சாதாரணக் கட்டங்களுக்கும் யுனிகோடு தெரியாது. பழைய ஒற்றை பைட் எழுத்து அட்டவணை வழியாகத்தான் அவை எதையும் காட்டும். விண்டோஸில் தமிழுக்கு அப்படியொரு அட்டவணையே கிடையாது. ஆகவே தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குறி ஆகிவிடும். இது தெரியாமல் அண்ணாச்சியின் மகன், பொருள் பெயர்களை, கணக்கு சேரும் அக்செஸ் கோப்பில் நேரடியாக அழகான யுனிகோடு தமிழில் அடித்துவைத்தான். என் திரையில் மண்டியே கேள்விக்குறியாக நின்றது. கடைப் பையன்கள் அசரவில்லை. மல்லிக்கு 5 கேள்விக்குறி, வத்தலுக்கு 6 என்று எண்ணிப் பழகிவிட்டார்கள். கொம்பும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். மிளகுக்கும் 5 என்பதால் ஒரு நாள் மல்லி விலைக்கு மிளகு போய்விட்டது. அதற்கப்புறம்தான் எனக்குச் சொன்னார்கள். 1999இல் அரசு அறிவித்த டேப் முறை எழுத்துரு ஒன்றைப் போட்டுச் சமாளித்தேன்.

மே மாதம் பிறந்தது. 2ஆம் தேதி வெள்ளை. மவுஸைக் கழற்றி மாட்டினார்கள். வெள்ளை. 3ஆம் தேதியும் அப்படியே. 4ஆம் தேதி ஒரு புது வியாதி. "இன்னைக்குக் கணக்குல எப்பவோ வித்த சரக்கு வருது தம்பி. ஏப்ரல் 5ல போட்ட பில்லு." வெள்ளையைவிட இது பயங்கரம். காணாமல் போனதைக்கூடத் தேடலாம், கேட்காதது வந்தால் என்ன செய்வது? மறுநாள், மே 5, மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன்.

கடையில் நுழைந்து, எல்லோரும் சுற்றி நிற்க, பொத்தானை அழுத்தினேன். கணக்கு கண்ணாடி மாதிரி வந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி வந்தது. முந்தின நாள் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பழைய தேதிக் கணக்கைக் கேட்கும் வசதி இரண்டாம் தவணைப் பணம் வந்ததும் தருவதாகப் பேச்சு. நான் கறாரான ஆள்.

"உங்களைக் கண்டா அதுக்குப் பயம் இருக்கு தம்பி. இங்கேயே தங்கிருங்களேன்" என்றார் அண்ணாச்சி. பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினேன். 6ஆம் தேதி போன். வெள்ளை.

ஜூன் 4, சனிக்கிழமை. மறுபடியும் ஏப்ரல் மாதத்துப் பழைய கணக்கு வந்தது என்று போன். ஞாயிறு மண்டி விடுமுறை. திங்கள் 6ஆம் தேதி போனேன். பொத்தானை அழுத்தினேன். கண்ணாடி மாதிரி வந்தது. எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் கணக்கப்பிள்ளை எழுந்து வந்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கே, அதற்கும் ஒரு பேரேடு தொடங்கியிருக்கிறார். இடது பக்கம் 'கேட்டது', வலது பக்கம் 'வந்தது'. பல இடங்களில் வலது பக்கம் ஒரு சின்னக் கோடு, அது வெள்ளை. இரண்டு இடத்தில் மட்டும் வேறு தேதி இருந்தது. அவருடைய சொந்தப் பேரேட்டோடு ஒப்பிட்டு, திரையில் வந்தது எந்த நாள் கணக்கு என்று கண்டுபிடித்து எழுதியிருந்தார்.

கேட்டது 4-5, வந்தது 5-4.
கேட்டது 4-6, வந்தது 6-4.

"திருப்பிப் படிக்குது தம்பி" என்றார். "நாம தேதியை முதல்ல சொல்றோம். அது மாசத்தை முதல்ல எடுத்துக்குது. அஞ்சாந்தேதி நாலாம் மாசம்னு சொன்னா, அது நாலாந்தேதி அஞ்சாம் மாசத்தைப் போய்த் தேடுது. இன்னும் வராத மாசத்துல என்ன இருக்கும்? வெள்ளைதான். பன்னண்டாந்தேதிக்கு மேல போனா பதிமூணாம் மாசம்னு ஒண்ணு இல்லையே, அதனால ஒழுங்காப் படிச்சிருது. நீங்க கம்ப்யூட்டர் வெச்சது நாலாம் மாசம் நாலு. போன தடவை வந்தது அஞ்சாம் மாசம் அஞ்சு. இன்னைக்கு ஆறாம் மாசம் ஆறு. எப்படித் திருப்பினாலும் அதேதான்."

திரை மூலையில் இருந்த கடிகாரத்தை இருமுறை தட்டித் தேதியை ஜூன் 4க்கு மாற்றி, பொத்தானை அழுத்தினேன். ஏப்ரல் 6ஆம் தேதிக் கணக்கு வந்தது.

அக்செஸ் கோப்புக்குள் இருந்து தேடித்தருவது ஜெட் என்ற இயந்திரம். வினவலில் இரண்டு ஹாஷ் குறிக்கு நடுவே எழுதும் தேதியை அது அமெரிக்க முறையில், மாதம் முன்னால் என்றே படிக்கும். கண்ட்ரோல் பேனலில் நீங்கள் என்ன அமைத்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. மாதத்தின் இடத்தில் 12க்கு மேல் எண் வந்தால் தப்பு என்று சொல்லவேண்டுமா, இல்லையா? சொல்லாது. பெரிய மனசு பண்ணித் தானாகவே மாற்றிப் படித்துக்கொள்ளும். அந்தப் பெரிய மனசுதான் என்னைக் கவிழ்த்தது. மார்ச் 15 முதல் 31 வரை நான் நடத்திய பொய் வியாபாரம் முழுவதையும் அது மன்னித்துவிட்டிருக்கிறது. இது கையேட்டில் உள்ள சங்கதி. கையேட்டைப் படிக்காமல் மவுஸைக் கழற்றச் சொன்னது நான்.

ஒரு வரி மாற்றம். மாதத்தை முன்னால் போட்டு அனுப்பினேன், முடிந்தது. கணக்கப்பிள்ளை நோட்டில் 'கேட்டது', 'வந்தது' இரண்டிலும் அன்றைய தேதியை எழுதிவிட்டு, "நாளைக்கும் பார்ப்போம்" என்று மூடிவைத்தார்.

அந்த மண்டியோடு என் உறவு அதோடு முடியவில்லை. பின்னால் விண்டோஸ் 7 போட்ட புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். நான் கணக்குக் கோப்பைப் பழைய பழக்கத்தில் புரோகிராம் ஃபைல்ஸ் அடைவிலேயே வைத்தேன். விஸ்டாவிலிருந்து அங்கே கண்டவர்கள் எழுத முடியாது. எழுத வரும் பழைய மென்பொருளின் மனம் நோகாமல், ஒவ்வொரு பயனருக்கும் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவிடத்தில் தனி நகல் போட்டுக் கொடுத்துவிடும் விண்டோஸ். அப்பா தன் பெயரில் நுழைந்தால் ஒரு இருப்பு, மகன் நுழைந்தால் வேறு இருப்பு. இரண்டு மாதம் இருவரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். பாகப்பிரிவினை வரை பேச்சு போன பிறகுதான் எனக்குப் போன் வந்தது. 'ஓட மாட்டேங்குது' என்று அவர்கள் சொல்லாததால் தாமதம். அது நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது, இரண்டாக.

போன பொங்கலுக்கு அந்தப் பக்கம் போனபோது மண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி இல்லை, கணக்கப்பிள்ளையும் இல்லை. பேரன் கல்லாவில் இருக்கிறான். என் மென்பொருளை எப்போதோ தூக்கிவிட்டு இணையத்தில் ஓடும் வேறு ஒன்று போட்டிருக்கிறார்கள். கடைப் பையன் காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டான், மவுஸ் வயரைக் கழற்றினான், மாட்டினான், கம்ப்யூட்டரைப் போட்டான். எதற்கென்று கேட்டேன். "அப்படித்தான் போடணும் சார்" என்றான்.