கோழியின் பின்புறத்தோடு முடிந்த சட்டம்

பாஷாணத்தைச் சோற்றில் கலந்தால் கொலை. கோழித் தீவனத்தில் கலந்தால் கால்நடை விஞ்ஞானம். அமெரிக்காவில் 1944-லேயே இதற்கு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். ராக்சார்சோன் என்று பெயர். ஆர்சனிக் சேர்ந்த மருந்து. கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராது, சீக்கிரம் எடை ஏறும், கறி இளஞ்சிவப்பாகப் பளபளக்கும். செத்த கோழி ஆரோக்கியமாகத் தெரிய வேண்டும் என்பதில்தான் எவ்வளவு அக்கறை!

கேட்டவர்களுக்குப் பதில் தயார்: இது கரிம ஆர்சனிக், சாது, தின்றதைக் கோழி கழித்துவிடும். உண்மைதான், பெரும்பகுதியைக் கழித்துவிடும். கழித்தது எங்கே போகும்? அந்தக் கேள்வி ஆபீஸ் பூட்டிய பிறகு வந்ததோ என்னவோ. கறிக்கு 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் அரைப் பங்கு), ஈரலுக்கு 2 பிபிஎம் என்று வரம்பு போட்ட சட்டம், கோழியின் பின்புறத்துக்கு வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டது. மனிதக் கழிவிலிருந்து வரும் சாக்கடைச் சகதியை வயலில் போடுவதற்கு அதே நாட்டில் 75 பிபிஎம் உச்சவரம்பு உண்டு. கோழி எருவுக்கு அப்படி எதுவும் இல்லை. கொடுத்துவைத்த கோழி!

அந்த எருவுக்குக் கிராக்கியும் உண்டு. பென்சில்வேனியாவில் கென்னட் ஸ்கொயர் என்ற ஊர், உலகக் காளான் தலைநகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. காளான் படுக்கை தயாரிக்க அங்கே கோதுமை வைக்கோல், குதிரை லாயத்துப் படுக்கை, கோழி எரு, ஜிப்சம் எல்லாம் மலையாகக் குவிந்து புகையும். அம்மோனியா நெடியில் கண் கரிக்கும். புரட்டிப் புரட்டிப் போட்டு, கடைசியில் 60 டிகிரி வரை சூடேற்றுவார்கள். புழு சாகும், பூச்சி சாகும். ஆர்சனிக் தனிமம், அது வெந்நீரில் குளித்தமாதிரி அப்படியே வெளியே வரும். இதற்குள் எருவில் இருந்த நுண்ணுயிர்கள் இன்னொரு வேலையையும் முடித்திருக்கும்: அந்தச் 'சாது'வின் வேஷத்தைக் கலைத்து, கொல்லும் கனிம ஆர்சனிக்காக மாற்றியிருக்கும்.

காளானுக்கு வேர் கிடையாது, வெள்ளை இழைகள்தான். படுக்கையில் கரைந்து கிடப்பதை அவை உறிஞ்சும். ஆர்சனிக்கும் கொஞ்சம் கூடவே ஏறும். தட்டில் வரும்போது மட்டும் சலவைக்குப் போய் வந்த வேட்டிபோல அத்தனை வெளுப்பு.

2011 ஜூனில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒருவழியாகக் கோழி ஈரலை அறுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டது. இருக்காது என்று சொன்ன கனிம ஆர்சனிக் இருந்தது. ஃபைசரின் துணை நிறுவனம் அல்ஃபார்மா 'தானாக முன்வந்து' ராக்சார்சோன் விற்பனையை நிறுத்தியது. அன்றைக்கே இல்லை, இன்னும் 30 நாள் விற்றுவிட்டு. பண்ணைக்காரர்களுக்குச் சிரமம் வரக் கூடாதாம்! வீட்டுக்குள் பாம்பு புகுந்தால், அது பெட்டி படுக்கை கட்ட ஒரு மாதம் அவகாசம் கொடுப்பீர்களா? மருந்தைக் கோழி தின்றபடி 67 வருஷம் போயிருந்தது. அதன் உரிமங்களைப் பறிக்க 2013 வரை ஆனது, அதுவும் வழக்குப் போட்ட பிறகு. அப்போதும் வான்கோழிக்கென்று நைட்டார்சோன் என்ற இன்னொரு ஆர்சனிக் மருந்தை விட்டுவைத்தார்கள். அது ஒழிய 2015 கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் ஊரிலும் மொட்டுக் காளானுக்குக் கோழி எரு இடுவது உண்டு. அடுத்த முறை பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போது கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "அண்ணாச்சி, இதுக்கு எரு போட்ட கோழி என்ன தின்னுச்சு?" உங்களை ஒருமாதிரி பார்ப்பார். பார்க்கட்டும், கேளுங்கள்.